செம்பனைத் தோட்டத்து மண் சடக்கில் கிராவல் சைக்கிள்: பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கிராவல் சைக்கிள், அதாவது மண்ணிலும் கல்லிலும் ஓட்டத் தோதான அகல டயர் சைக்கிள், என்று தேடினால் முதலில் வந்து நிற்பது இத்தாலியின் கியாந்தி திராட்சைத் தோட்டங்கள்தான். வெள்ளை மண் பாதை, இரண்டு பக்கமும் கொடி வரிசை, மேட்டில் ஒரு கல் வீடு. அந்தப் பாதைகளின் மேலும் ஒரு காலத்தில் தார் ஏறிக்கொண்டிருந்தது. 1997-இல் காயோலே என்ற சிற்றூரில் லெரோய்க்கா என்ற பழைய சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கியவர்கள், மிச்சமிருக்கும் மண் பாதைகளையாவது காப்பாற்ற வேண்டும் என்றுதான் தொடங்கினார்கள். இன்று உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் அங்கே போய் ஓட்டுகிறார்கள்.

நமக்குத் திராட்சை இல்லை, செம்பனை இருக்கிறது. கோலாலம்பூருக்கு வடமேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயாவை எங்கள் ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். இந்த நாட்டில் செம்பனையை முதன்முதலில் வியாபாரத்துக்காக நட்டது இங்கேதான். 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகொன்னியே நட்டார். காடு வெட்டியதிலிருந்து பாதை போட்டதுவரை இந்தத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகளின் உழைப்பு இருக்கிறது. அந்தப் பாதைகளில் நாம் சைக்கிள் ஓட்டாமல் வேறு யார் ஓட்டுவது?

ஓட்டுவதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்துக்குள் இவ்வளவு பாதை ஏன்? வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெட்டுவிடும். அதனால்தான் எந்த மூலையில் குலை விழுந்தாலும் லோரி போய் ஏற்றிவர வழி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதை குலைக்காகப் போட்டது, நமக்காகப் போட்டதல்ல. தோட்டத்தின் வேலை நேரத்தை ஒட்டி நம் நேரத்தை வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இனி நான் சொல்லப் போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

முதல் படி: அனுமதி

சைக்கிள் வாங்குவதற்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். தோட்டம் தனியார் நிலம். தோட்டத்தை ஊடறுத்துப் போகும் அரசாங்கத் தார் சடக்கில் யாரும் போகலாம். அதிலிருந்து பிரிந்து மண் பாதையில் இறங்கினால் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். குலைத் திருட்டு உண்மையான பிரச்சினை என்பதால் காவலாளிகள் சும்மா கெடுபிடி செய்வதில்லை.

வார நாளில், காலை நேரத்தில், தோட்ட அலுவலகத்துக்கு நேரில் போங்கள். தொலைபேசியில் கேட்டால் முடியாது என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம். அலுவலக எழுத்தரான கிராணியைப் பார்த்து எத்தனை பேர், எந்த நாள், எத்தனை மணிக்கு உள்ளே வந்து எத்தனை மணிக்கு வெளியே போவீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அடையாள அட்டை எண்ணும் தொலைபேசி எண்ணும் அதிலேயே இருக்கட்டும். “ஐயா, ஞாயிற்றுக்கிழமை காலையில மூணு பேர் சைக்கிள்ல ஒரு சுத்து சுத்திட்டுப் போயிடறோம். எந்த பிளாக்ல வேலை இருக்குன்னு சொல்லுங்க, அந்தப் பக்கம் வரமாட்டோம்.” இப்படிக் கேட்டால் பெரும்பாலும் காரியம் நடக்கும். வேலைக்கு இடைஞ்சல் தரமாட்டோம் என்பதைத்தான் அவர் கேட்க விரும்புகிறார்.

வாயிலில் நிற்கும் காவலாளி நேப்பாளியாகவோ மலாய்க்காரராகவோ இருப்பார். சைக்கிளை விட்டு இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, “செலாமாட் பாகி, போலே லாலு?” (காலை வணக்கம், இந்த வழியாகப் போகலாமா?) என்று கேளுங்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே கையாட்டிவிட்டுப் போகாதீர்கள். முடியாது என்றால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். அடுத்த வாரம் வருகிறவருக்காவது அந்த வாயில் திறந்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: சைக்கிள்

கிராவல் சைக்கிள்தான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வீட்டில் பழைய மவுண்டன் பைக் இருந்தால் அதுவே போதும். ரோட் பைக் மட்டும் வேண்டாம். மெல்லிய டயரை வைத்துக்கொண்டு செம்மண்ணில் இறங்கினால் சந்தோஷமே இருக்காது.

டயர்தான் எல்லாம். 40 முதல் 45 மில்லிமீட்டர் அகலம், பக்கவாட்டில் கொஞ்சம் பல், நடுவில் வழவழப்பு. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் பெரிய மலை ஏற்றம் கிடையாது, அதனால் கியரைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டியதில்லை. முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் 40 பல், பின்னால் 11 முதல் 42 வரை இருந்தால் தாராளம்.

டியூப்லெஸ் போடுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் செம்பனை மட்டையின் முள். மட்டையின் அடிப்பாகத்தை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். இரு ஓரத்திலும் ரம்பப் பல் மாதிரி கறுத்த, தடித்த முள் வரிசையாக இருக்கும். காய்ந்த பிறகு அது ஆணிதான். குலை வெட்டும்போது மட்டையையும் வெட்டி வரிசைக்கு நடுவே அடுக்குவார்கள், அதில் துண்டு துண்டாகப் பாதைக்கும் வந்துவிடும். சாதா டியூப் இதைத் தாங்காது. டியூப்லெஸ் என்றால் உள்ளே இருக்கும் சீலன்ட் திரவம் ஓட்டையை அடைத்துவிடும். டயருக்கு 60 முதல் 90 மில்லி வரை ஊற்றலாம். நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்து போகும். குளிர் நாட்டில் ஆறு மாதம் தாங்கும் என்று போட்டிருப்பதை நம்பாமல், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

காற்றழுத்தம்: 70 கிலோ எடையுள்ளவர் 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயருக்கு முன்னால் 28, பின்னால் 31 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். டியூப் போட்டிருந்தால் நாலைந்து கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு கல்லில் ஏறும்போது ரிம் இடித்தால் குறைவு, சின்னக் கல்லுக்கெல்லாம் கை அதிர்ந்தால் அதிகம். ஓரிரண்டு பயணத்தில் உங்களுக்கான எண் பிடிபட்டுவிடும்.

பையில் இருக்க வேண்டியவை: ஒரு டியூப், டயர் நெம்பி, டியூப்லெஸ் ஓட்டையில் செருகும் திரி, கை பம்ப், செயின் கருவி, உங்கள் சைக்கிளுக்குப் பொருந்தும் டிரெய்லியர் ஹேங்கர் (பின்கியர் மாற்றும் கருவியை ஃபிரேமில் மாட்டும் சிறு துண்டு) ஒன்று. இந்தக் கடைசிச் சாமானைப் பலர் விட்டுவிடுவார்கள். மட்டைத் துண்டு ஒன்று பின்சக்கரத்தில் சிக்கி அந்தக் கியர் கருவியை இழுத்தால் முதலில் உடைவது இந்தச் சிறு துண்டுதான், அதுவும் அந்தந்தச் சைக்கிளுக்கென்று தனித்தனி வடிவம். பட்டணத்துச் சைக்கிள் கடையில்கூட உடனே கிடைக்காது.

மூன்றாம் படி: நாளும் நேரமும்

பெரும்பாலான தோட்டங்களில் ஞாயிறு ஓய்வு. லோரி குறைவு, மருந்து அடிப்பது இல்லை. அதனால் ஞாயிறுதான் நம் நாள். வேலை நாளில் போவதாக இருந்தால் காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ஆட்கள் அவரவர் பிளாக்குக்குப் போன பிறகு உள்ளே போங்கள். டிராக்டரும் லோரியும் ஒரே நேரத்தில் கிளம்பும் அந்த அரை மணி நேரத்தில் பாதையில் நிற்பது யாருக்கும் நல்லதல்ல.

நமக்கு ஏழு மணியை ஒட்டித்தான் விடியும். ஏழேகாலுக்குச் சக்கரத்தை உருட்டினால் பத்தரைக்குள் முடித்துவிடலாம். அதற்குப் பிறகு வெயில் மட்டும் பிரச்சினை இல்லை. செம்பனைக்குள் காற்று அசையாது, புழுக்கம் ஆளைச் சாய்த்துவிடும். மரம் நிழல் கொடுக்கிறதே என்று நம்பி நேரத்தை நீட்டிவிடாதீர்கள்.

மழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியுடன் கொட்டும். காலை நேரம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், ஆனால் முந்தின நாள் மழையில் பாதை ஊறிப் போயிருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பொதுவாக மழை குறைவு, பாதை காய்ந்து கிடக்கும். ஆனால் அந்த மாதங்களில்தான் சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் திடீர்ப் புயல்காற்று வரும். அதனால் கிளம்புவதற்கு முன் வானிலைத் துறையின் மைசுவாச்சா செயலியில் ரேடார் படத்தைப் பாருங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக் குறியீடு 100-ஐத் தாண்டினால் போகவே வேண்டாம், வீட்டில் பசியாறிவிட்டுச் சைக்கிளைத் துடையுங்கள்.

இடி முழக்கம் கேட்டால் திரும்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. அலுவலகமோ கோயில் மண்டபமோ பள்ளிக்கூடமோ, சுவரும் கூரையும் உள்ள கட்டடத்துக்குள் போய், கடைசி முழக்கம் கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் கிளம்ப வேண்டும்.

நான்காம் படி: பாதையைத் தேர்ந்தெடுப்பது

செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால் செம்பனைத் தோட்டம் முழுவதும் கட்டம் கட்டமாகத் தெரியும். பார்க்க அழகு, ஓட்டும்போது குழப்பம். ஒரு ஹெக்டேருக்கு 136 முதல் 148 மரம் வரை ஒரே இடைவெளியில் நட்டிருப்பார்கள். எந்தச் சந்தியில் நின்றாலும் நாலு பக்கமும் ஒரே காட்சி.

வழி தெரிந்துகொள்ள ஒரு நல்ல உபாயம் இருக்கிறது. பிளாக் முனைகளில் சின்னப் பலகை நட்டிருப்பார்கள். பிளாக் எண், நட்ட ஆண்டு, எத்தனை ஹெக்டேர் என்று அதில் எழுதியிருக்கும். முக்கியமான திருப்பத்தில் எல்லாம் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்து போனால் திரும்பி வர உதவும். யாராவது விழுந்து அடிபட்டால் அது இன்னும் பெரிய உதவி. “செம்பனைக்குள்ள எங்கயோ இருக்கோம்” என்று சொன்னால் யாரும் வர முடியாது. பிளாக் எண்ணைச் சொன்னால் அலுவலகத்திலிருந்து வண்டி நேராக வந்து நிற்கும். அலுவலக எண்ணை அனுமதி வாங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்சுக்கு 999. சில இடங்களில் தொலைபேசி அலை எட்டாது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் ஒரே தோட்டத்துக்குள் 15 முதல் 20 கிலோமீட்டர், போன வழியிலேயே திரும்புகிற மாதிரி ஓட்டட்டும். அது கைவந்த பிறகு பக்கத்துத் தோட்டத்தையும் சேர்த்து 40 கிலோமீட்டர் சுற்றலாம். இரண்டு தோட்டத்துக்கும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும், ஒருவர் சொன்னது மற்றவருக்குச் செல்லாது. உடம்பு பழகியவர்கள் மண்ணும் தாரும் கலந்து கோலசிலாங்கூர்வரை போய்த் திரும்பலாம். அங்கே ஓர் இரவு தங்கினால் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கலாம்.

கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் லாத்தார் நெடுஞ்சாலையில் காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வாருங்கள். நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கை. பழைய ஈயச் சுரங்கக் குளங்கள் இங்கே நிறைய. அவற்றைச் சுற்றி வெளுத்த மணல் கிடக்கும். பார்க்கக் கெட்டியாகத் தெரிந்தாலும் சக்கரம் புதையும், கரை சரியும், தண்ணீர் கரையிலிருந்தே ஆழம். வியர்வை தீரக் குளிக்கலாம் என்று யாரும் இறங்க வேண்டாம்.

ஐந்தாம் படி: செம்மண்ணில் ஓட்டுவது

காய்ந்த செம்மண் நல்ல மண். இரும்புச் சத்து இறுகிக் கிடக்கும், சக்கரம் பாடிக்கொண்டே போகும். அதன் மேல் சிதறிக் கிடக்கும் சின்ன உருண்டைக் கற்கள்தான் வழுக்கும். வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் போன பிறகு பிரேக்கைத் தொடாதீர்கள். முன் பிரேக்கை மெதுவாக, பின் பிரேக்கைத் துணையாக. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் சைக்கிள் உங்களோடு சண்டை போடும். தளர்வாகப் பிடித்து, முழங்கையை மடக்கி, பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் பாருங்கள்.

லோரித் தடம் இரண்டு பள்ளமாகவும் நடுவில் புல் மேடாகவும் இருக்கும். ஒரு தடத்தைத் தேர்ந்தெடுத்தால் அதிலேயே போங்கள். தடம் மாறும்போதுதான் அதிகம் பேர் விழுகிறார்கள். மாறியே ஆக வேண்டும் என்றால் வேகத்தைக் குறைத்து, முடிந்த அளவு குறுக்காகக் கடந்துவிடுங்கள். மழைக்குப் பிறகு நடுப்புல்லில்தான் பிடிமானம்.

நனைந்த செம்மண் வேறு மாதிரி. முதலில் சோப்பு போல வழுக்கும், கொஞ்சம் காய்ந்ததும் களியாகி டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையே அடைத்துக்கொள்ளும். சக்கரம் சுற்ற மறுத்தால் பலம் கொண்டு மிதிக்கக் கூடாது, ஹேங்கர் அப்போதுதான் உடையும். இறங்கி, குச்சியால் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஓரப் புல்லில் தள்ளிக்கொண்டு நடங்கள். குட்டையின் ஆழம் தெரியாமல் உள்ளே விடாதீர்கள். லோரி போட்ட பள்ளம் அரைச் சக்கரத்தை விழுங்கும்.

இன்னொன்று உதிரிப்பழம். குலையிலிருந்து கொட்டிய ஆரஞ்சு நிறப் பழங்கள் லோரி ஏற்றும் இடங்களில் சிதறிக் கிடக்கும். முழுப்பழம் சக்கரத்துக்கடியில் உருளும், நசுங்கினால் எண்ணெய் விட்டு வழுக்கும். மர நிழலில், ஈரத்தில், நசுங்கிய பழத்தின் மேல் பிரேக் பிடிப்பதைவிட ஆபத்து இந்தத் தோட்டத்தில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. குலை அடுக்கி வைத்திருக்கும் இடத்தைத் தூரத்திலேயே பார்த்து, மிதிக்காமல், பிரேக் பிடிக்காமல் நேராக உருண்டு கடந்துவிடுங்கள்.

வழியில் எதிர்ப்படுபவை

லோரி வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். நின்று, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டால் புழுதி மேலே படாது. குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். ஒரு குலை 15 முதல் 25 கிலோ, உடம்பெல்லாம் முள். நீண்ட கம்பில் அரிவாள் கட்டிக் குலை வெட்டுகிறவர்களைக் கண்டால் தூரத்திலேயே நின்று குரல் கொடுங்கள். அவர்கள் கை காட்டிய பிறகு போங்கள். இப்போது இந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள். நம் பாட்டன்மார் செய்த அதே கடுமையான வேலை. ஒரு வணக்கமும் சிரிப்பும் நாம் கொடுக்க வேண்டிய மரியாதை.

மருந்து அடிக்கும் வாசனை வந்தால் திரும்பி வேறு வழியில் போங்கள்.

லயத்துப் பக்கம் (தொழிலாளர் வீட்டு வரிசை) நாய்கள் குரைத்துக்கொண்டு வரும். வேகமாக மிதித்தால் துரத்தும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, அதட்டாமல் பேசிக்கொண்டே நடந்தால் கொஞ்ச தூரத்தில் விட்டுவிடும். எலி அதிகம் என்பதால் பாம்பும் உண்டு, நாகமும் உண்டு. சிறுநீர் கழிக்க ஒதுங்குகிறவர்கள் மட்டைக் குவியல் மேல் கால் வைக்கக் கூடாது. எலி சிறுநீர் கலந்த தண்ணீரால் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் வரும். ஆகவே சேறு தெறித்த தண்ணீர்க் குப்பியின் வாயைத் துடைக்காமல் குடிக்காதீர்கள். மூடி போட்ட குப்பி வாங்குவது நல்லது. காலில் சிராய்ப்பு இருந்தால் கட்டுப்போட்டு மூடுங்கள். போய்வந்த சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தோட்டத்துச் சேற்றில் ஓட்டியதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முள் குத்தி டியூப் மாற்ற நேர்ந்தால், புது டியூபைப் போடுவதற்கு முன் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றித் தடவுங்கள். முறிந்த முள் முனை உள்ளே இருந்தால் துணி மாட்டும். விரலால் தடவினால் விரலில் ஏறிவிடும்.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நின்றால் செருப்பை வெளியே விட்டு, குழாய்த் தண்ணீர் பிடிப்பதற்கு முன் அங்கிருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். லயம் உடைந்து ஆட்கள் பட்டணத்துக்குப் போய்விட்ட தோட்டங்களில்கூட, திருவிழாவுக்குப் பேரப்பிள்ளைகள் வரை திரும்பி வருவார்கள். அன்று மண் பாதை முழுவதும் கார்தான். திருவிழா நாளில் சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டுச் சாமி கும்பிடப் போங்கள். வீடுகளையும் அங்கே இருப்பவர்களையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம், அது யாரோ ஒருவருடைய வாசல்.

சாப்பாடும் தண்ணீரும்

மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணீர் கணக்கு, வெயில் ஏறினால் ஒரு லிட்டர். ஒரு குப்பியில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் உப்புச் சேர்ந்த பானம். கடையில் கிடைக்கும் ஹண்ட்ரட் பிளஸ் போதும். உள்ளே கடை இருக்காது. கிளம்பும் முன் தோசையோ நாசி லெமாக்கோ அளவாகச் சாப்பிட்டு, பையில் வாழைப்பழமும் கொஞ்சம் ‘அசாம் போய்’ என்ற உப்பிட்ட புளிப்புப் பிளம் பழமும் வைத்துக்கொள்ளுங்கள். வியர்த்துக் கொட்டும்போது அந்தப் புளிப்பும் உப்பும் நாக்குக்கு எவ்வளவு இதமாக இருக்கும் என்பது வாயில் போட்டால்தான் தெரியும்.

முடித்த பிறகு

வாயிலில் காவலாளியிடம் எல்லாரும் வெளியே வந்துவிட்டோம் என்று சொல்லி, புத்தகத்தில் நேரம் எழுதுங்கள். வழியில் மரம் சாய்ந்திருந்தாலோ மதகு உடைந்திருந்தாலோ பிளாக் எண்ணோடு படத்தை கிராணிக்கு அனுப்புங்கள். லோரி போய் மாட்டுவதற்கு முன் அவர்களுக்குத் தெரிந்தால் அது அவர்களுக்குப் பெரிய காரியம். அடுத்த தடவை அனுமதி கேட்கும்போது உங்கள் முகம் ஞாபகம் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே சைக்கிளைக் கழுவிவிடுங்கள். செம்மண் காய்ந்தால் செயினையும் பற்களையும் தேய்த்தே தீர்த்துவிடும். குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுத் தூரிகையால் தேய்த்தால் போதும். கார் கழுவும் கடைப் பீச்சாங்குழாயைச் சக்கர அச்சிலும் பெடல் அச்சிலும் பிடித்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் போய்த் தண்ணீர் ஏறிவிடும். செயினைத் துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்து எடுங்கள். அப்படியே இரண்டு டயரையும் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சீலன்ட் அடைத்த இடத்தில் முள் இன்னும் நின்றால், அதை இப்போதே பிடுங்கிவிட்டு, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்து, காற்று இறங்குகிறதா என்று மறுநாள் காலையில் பாருங்கள்.